ஆல்ப் நைராவின் பாலாடை

மாலை ஐந்து மணி இருக்கும். செப்டம்பர் கடைசி. மேய்ச்சலுக்கு வந்த மாடுகளெல்லாம் ஊருக்கு இறங்கிவிட்டன. மலையேறுகிறவர்களும் இல்லை. வால்தீரா ஊருக்கு மேலே, ஓடைக்கு அக்கரையில், ஒற்றையடிப் பாதையில் இரண்டே பேர். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காற்றுதான் கதவை இடிக்கிறது. வேறொன்றுமில்லை.

என் தோழி செரைனாவை உங்களில் சிலருக்குத் தெரியும். ஊர்ப் பேருந்து ஓட்டுகிறாளே, அவள்தான். அந்த இருவரில் ஒருவர் அவள் கணவர் ஃப்ளூரின். மற்றவன் அவள் தம்பி ஆண்ட்ரி. எங்கள் ஊர் நடைபாதைகளைப் பராமரிப்பது அவர்கள் வேலை. பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாக அடையாளம் தீட்டுவது, சரிந்த கற்களை ஒதுக்குவது... அன்றைக்கு ஓடைப் பாலம். பனி விழும் முன் அதன் பலகைகளைக் கழற்றி மேடான அக்கரையில் அடுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போய்விடும்.

வேலை முடிந்தது. இனிப் பாலம் இல்லை. மலை முகட்டைச் சுற்றித்தான் இறங்க வேண்டும். நீண்ட வழி.

ஆண்ட்ரிக்குப் பசி. அவனுக்கு எப்போதும் பசிதான்.

"மாமா, பழைய பாதைல போயிரலாம். ஆல்ப் நைரா வழியா. வீட்ல பிரைடா வாற்கோதுமை சூப் வச்சிருப்பா. ஆறிப்போனா என்னையத்தான் திட்டுவா."

"அந்த வழில யாரும் போறதில்ல மச்சான்."

"யாரும் போகாத வழிக்கு மாமா மட்டும் பயப்படலாமா? அக்காகிட்ட சொல்லவா?"

ஆல்ப் நைரா மேய்ச்சல் மேட்டில் மாடு மேய்த்து எத்தனையோ தலைமுறை ஆகிறது. ஏன் அங்கே போகக்கூடாது என்று கேட்டால் ஊரில் ஒரே பதில்தான் வரும்... வழி வழுக்கும். அதற்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

போனார்கள்.

முதலில் வாடை. வெண்ணெய் காறிப்போனால் அடிக்குமே, அது. பிறகு நனைந்த மாட்டு முடி. அதற்கும் அடியில், கைக்குழந்தை கக்கிய பால் துணியில் காய்ந்து அடிக்கும் புளிப்பு... ஃப்ளூரின் வாயால் மூச்சு விட்டார். அப்போது அது நாக்கில் படிந்தது.

பிறகு பாதை அமுங்கியது. சேறு இல்லை. கல்தான். தட்டையான, வட்டமான கற்கள். மிதித்தால் உள்ளே போயின. பூட்ஸை எடுத்ததும் மெல்ல மேலே எழும்பின. அழுந்திய இடத்தில் மஞ்சளாக ஏதோ கசிந்தது. ஃப்ளூரின் குனிந்து ஒரு கல்லை விரலால் தொட்டார்.

வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு.

விரலைக் கால்சட்டையில் துடைத்தார். போகவில்லை. புல்லில் தேய்த்தார். போகவில்லை.

சத்தம் கேட்டது. சளக்... சளக்... யாரோ பால் கடைகிறார்கள். அவசரமே இல்லாமல்.

மூடுபனிக்குள் ஒரு குடில் தெரிந்தது. கதவு பாதி திறந்திருந்தது. புகை வந்தது.

"மச்சான்... நைரா குடிலுக்குக் கூரை கிடையாது. முகட்டுலேர்ந்து எத்தனை வாட்டி பாத்திருக்கோம்?"

"இப்ப இருக்கே மாமா. எவனோ புண்ணியவான் போட்டிருக்கான்."

ஆண்ட்ரி உள்ளே நுழைந்தான். சத்தம் நின்றது.

உள்ளே ஆள் இல்லை. அடுப்பில் செப்புக் கொப்பரை. தீ எரிந்தது, ஆனால் சூடு இல்லை. மேசைமேல் ஒரு மரத்தொட்டி நிறையப் பாலாடை. மஞ்சள், தடிமன். பக்கத்தில் ஒரு மரக்கரண்டி. உட்காரும் பலகை ஈரமாக இருந்தது... இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல.

"வீட்டுக்காரரே! ஒரு வாய் எடுத்துக்கிறேன்!" என்று கூவிவிட்டு ஆண்ட்ரி தொட்டிக்குள் கரண்டியை விட்டான்.

ஒரு வாய். இன்னொரு வாய். பிறகு கரண்டியைப் போட்டுவிட்டுக் கையால் அள்ளினான். முகவாயில் வழிந்தது. கழுத்தில் வழிந்தது. பாலாடைக்குள் நரைமுடி கிடந்ததை ஃப்ளூரின் பார்த்தார். ஆண்ட்ரி பார்க்கவில்லை. பார்த்தும் தின்றானோ என்னவோ. பல்லில் முடி மாட்டியது. நாக்கால் தள்ளிவிட்டு மறுபடியும் அள்ளினான்.

"மாமா... ஒரு வாய்... சும்மா ஒரு வாய் சாப்பிடுங்க..."

ஆண்ட்ரி இழுக்க இழுக்க அந்தப் பாலாடை அறுபடவே இல்லை. ஒரே துண்டாக நீண்டது. கொப்பரையின் தீ வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. ஃப்ளூரின் நன்றாகப் பார்த்தார்.

அதில் ரேகைகள் இருந்தன. நம் உள்ளங்கையில் இருக்கிறதே... அதே மாதிரி.

ஃப்ளூரின் வாசலிலேயே வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஆண்ட்ரியின் முதுகுப் பையைப் பிடித்து இழுத்தார். அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெரிய ஆள், தாடி வைத்தவன், குழந்தை மாதிரி அழுதான். எப்படி வெளியே கொண்டுவந்தார் என்று அவருக்கே நினைவில்லை. பத்தடி போனதும் பின்னால் மறுபடி கேட்டது.

சளக்... சளக்...

இறங்கும்போது, ஒரு நிமிடம்கூட வாய் மூடாத ஆண்ட்ரி பின்னாலேயே வந்தான். அவன் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மடக்... மடக்... வாயில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஊர் வரைக்கும் விழுங்கிக்கொண்டே வந்தான்.

அவன் மனைவி பிரைடா சூப்பைச் சுடவைத்துக் கொடுத்தாள். தட்டைத் தள்ளிவிட்டான். அடுத்த நாளும் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும்... அப்படியே வாரக்கணக்கில். ஆனால் மெலியவில்லை. ஊதினான். முகம் வெளுத்து, தோல் பளபளத்தது. நகரத்து மருத்துவர் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். குறையொன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

பனி விழும் முன், நல்ல வெயில் அடித்த ஒருநாள் ஃப்ளூரின் கோடாரியும் பெட்ரோலுமாக, இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். கொளுத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. நான்கு இடிந்த சுவர். கூரை இல்லை. உள்ளே இடுப்பளவு காய்ந்த காஞ்சொறிச் செடி. பாதையெல்லாம் வெறும் கல். வாசற்படியில் மட்டும் ஒரு மரக்கரண்டி... நக்கித் துடைத்து வைத்ததுபோல.

அவர் அதைத் தொடவில்லை.

பிரைடா படுக்கை விரிப்புகளைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்துப் பார்த்தாள். மஞ்சள் போகவில்லை. கொதிக்கிற தண்ணீர் பாலாகப் பொங்கி அடுப்பில் வழிந்ததாம். வீடெல்லாம் காறல் வாடை. அக்கம்பக்கத்தார் அவர்கள் வீட்டுப் பக்கமாக ஜன்னல் திறப்பதை விட்டார்கள். ஆனாலும் அவள் அவனை விட்டுப் போகவில்லை. மூக்கில் பைன் தைலம் தடவிய துணியைக் கட்டிக்கொண்டு தினமும் அவனைத் துடைத்துவிட்டாள்.

ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் செரைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணி, எனக்கு அவர்மேல ஆசை குறையல. சத்தியமா குறையல. ஆனா தொட்டா என் கை வழுக்குது அண்ணி. தோல் அது பாட்டுக்கு நகருது. அழுத்தித் துடைச்சா... உரிஞ்சு வந்துருமோன்னு பயமா இருக்கு."

"அவன் என்ன சொல்றான்?"

"எதுவும் சொல்றதில்ல. ராத்திரியெல்லாம் முழுங்கிக்கிட்டே இருக்காரு. காதைப் பொத்திக்கிட்டுத்தான் படுக்கிறேன். அவர் என் புருஷன் அண்ணி... நான் காதைப் பொத்திக்கிட்டுப் படுக்கிறேன்."

ஜனவரியில் ஒரு காலை, விழுங்கும் சத்தம் நின்றிருந்தது.

பெட்டியை ஆறு பேர் தூக்கினார்கள். ஃப்ளூரின் முன்பக்கம். கனம் தாங்க முடியவில்லை. தேவாலயப் படிக்கட்டில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே ஏதோ கால் பக்கத்திலிருந்து தலைப் பக்கத்துக்கு மெதுவாக ஓடிவந்தது. ஆறு பேரும் கேட்டார்கள். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாதிரியார் ஜெபத்தை இன்னும் உரக்கச் சொன்னார்.

உறைந்த மண்ணை மூன்று நாள் தீ மூட்டி இளக்கித்தான் குழி தோண்டியிருந்தார்கள். புதைத்தார்கள். ஊர் மூச்சு விட்டது. பிரைடா வீட்டைப் பூட்டிவிட்டுத் தன் அம்மா ஊருக்குப் போய்விட்டாள்.

பனி உருகத் தொடங்கிய சமயம். ஒருநாள் விடியற்காலையில், முதல் வண்டி எடுக்கும் முன், தம்பிக்கு ஒரு மெழுகுவர்த்தி வைக்கலாம் என்று செரைனா கல்லறைக்குப் போனாள்.

தம்பியின் கல்லறையைச் சுற்றிப் பூனைகள். ஊர்ப் பூனைகள் அத்தனையும். தொழுவத்துப் பூனை, விடுதிப் பூனை, பாதிரியாரின் குருட்டுப் பூனைகூட. சண்டையில்லை, சீறலில்லை. தோளோடு தோள் ஒட்டி நின்று, தலையைக் குனிந்து... மண்ணை நக்கிக்கொண்டிருந்தன.

செரைனா காலால் தரையை உதைத்து விரட்டினாள். ஒன்றுகூட ஓடவில்லை. எல்லாம் சேர்ந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தன. மீசையிலெல்லாம் மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு திரும்பவும் குனிந்துகொண்டன.