சித்தப்பாதான் அப்பா

பொன்னேரியில் வழக்கம்போல நின்றுவிட்ட கும்மிடிப்பூண்டி ரயிலில், எதிர் சீட்டில் கம்பெனி யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண்கள். சின்னவள் சொன்னதைக் கேட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“ஸ்கூல்ல எங்க ஊட்டுக்காரரு என் பொண்ணுக்கு அப்பா இல்லக்கா.”

“இன்னாடி சொல்ற?”

“சர்ச் ஸ்கூல்ல சேக்கறப்ப அப்பா இங்கிலீஷ் பேசணும்னாங்க. இவருக்கு வராது. கொழுந்தனாரை அப்பான்னு கூட்டிக்கினு போய்ட்டேன். இப்ப மீட்டிங்கு, கையெழுத்து எல்லாம் அவருதான்.”

“அய்யய்யோ!”

“நேத்து பாப்பாவைக் கூட்டியாற இவரு போனாரு. ‘யாரு இது’ன்னு மிஸ் கேட்டாங்களாம். ‘ஹீ இஸ் மை அங்கிள், மிஸ்’னுச்சாம்.”

“பாவம்டி. கோச்சிக்கினாரா?”

“கோவமா? ‘ஒரே வருசத்துல பொய்யைக்கூட இங்கிலீஷ்லயே சொல்லுது, இன்னா ஸ்கூலு!’ன்னு தெரு பூரா ஸ்வீட்டு குடுத்தாரு.”