சிவப்பான சட்டை எண்

காப்பி வேண்டாம் சார். கோப்பையின் விளிம்பில் யாரோ குடித்த கறை இருக்கிறது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அருவருப்பு கொஞ்சம் அதிகம். தம்பி சாப்பிட்ட எச்சில் தட்டைக்கூடத் தொட மாட்டேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நிஜக் கால்பந்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ரசிகர்கள் கைபேசியில் கற்பனை அணி கட்டுவார்கள். அவர்கள் கோல் போட்டால் இவர்களுக்குப் புள்ளி. ஆட்டத்தின் நடுவிலும் ஆளை மாற்றலாம். அடுத்த கோல் எந்தப் பக்கம் விழும் என்று, ஆட்டக்காரர்களின் ஓட்டத்தைப் பார்த்தே சொல்லும் மென்பொருள் என்னுடையது. என் செய்திக்காக நாற்பதாயிரம் பேர் ஈ மாதிரி மொய்ப்பார்கள். கடைசி மூன்று ஆட்டத்தில் அதன் கணிப்பு மண்ணைக் கவ்வியிருந்தது.

தம்பி இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். ஒருநாள் வியர்வை நாற்றத்தோடு வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்தான்.

"அண்ணே, ஓடும்போது நெஞ்சைப் பிடிக்குது. ரெண்டு தடவை கண்ணு இருட்டிடுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதண்ணே, டீம்லேருந்து தூக்கிடுவாங்க."

"சொல்லல. மொதல்ல கட்டில விட்டு எந்திரி."

வாக்கு வாக்குதான், ஒரு மனிதரிடமும் மூச்சு விடவில்லை. மென்பொருளுக்கு மட்டும் சொன்னேன். நெஞ்சு பிடிக்கும் முன் அவன் கால் எப்படித் தடுமாறுகிறது என்று பழைய பயிற்சிப் படங்களைக் காட்டிப் பழக்கினேன்.

அடுத்த ஆட்டத்தன்று அறுபத்திரண்டாம் நிமிடம் திரையில் அவன் சட்டை எண் சிவப்பானது. அணி மருத்துவரின் எண் என்னிடம் இருந்தது. அம்மா வாங்கிக் கொடுத்தது. கூப்பிட்டால் அவனை வெளியே எடுத்துவிடுவார்கள், கணிப்பு மறுபடியும் பொய்க்கும். அதனால் செய்தியை அனுப்பினேன்: இடப்பக்கம் திறக்கப்போகிறது, எதிரணி முன்வரிசைக்காரனை எடுங்கள்.

எழுபதாம் நிமிடம் விழுந்தான். அந்த முன்வரிசைக்காரன் அவனைத் தாண்டிப் போய்க் கோல் போட்டான்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி வெளிய கூப்பிட்டிருந்தா பொழைச்சிருப்பான்மா" என்றார் மருத்துவர். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்குத் தெரிஞ்சிருந்தா சும்மா இருந்திருப்பியாடா" என்று அழுதாள். கையெல்லாம் கண்ணீரும் மூக்குச்சளியும். போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன்.

அவன் நுரை தள்ளிக் கிடக்கும்போதே என் கைபேசியில் நன்றிகள் குவிந்தன, சிரிக்கும் பொம்மைகளோடு. சாகிறவன் மேல் புள்ளி பொறுக்குகிற ஜென்மங்கள். எழுதிக்கொள்ளுங்கள் சார், அவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது.

என் கற்பனை அணியா? அன்று அதுதான் முதலிடம். தம்பியைக் காலையிலேயே அதிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன்.