உலகாயி கட்டுன தூளி

சேலையை அங்கிட்டு வைடி. கதையச் சொல்லாம புள்ளையச் சொமக்குற தூளிக்கு முடிச்சுப் போட்டா நம்ம ஊருல ஆகாது. புள்ளைய அவ அத்தைக்காரிகிட்டக் குடுத்துட்டு எல்லாரும் உக்காருங்க. ஏ மாப்பிள்ளை, ஒனக்குந்தான். செல்லை உள்ள வை. நடுவுல எந்திரிச்சுப் போனீகன்னா நான் முடிச்சே போட மாட்டேன், ஆமா. அப்புறம் உங்க மகளை நீங்களே மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போங்க.

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்த ஊரே இல்லாத காலத்துல, மேற்க கருவேலங்குடின்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல சாத்தையன்னு வெள்ளாமை பாக்குற ஒரு சம்சாரி. அவனுக்குப் பொண்டாட்டி ரெண்டு பேரு. மூத்தவ உலகாயி. இளையவ சீனியம்மா.

உலகாயிக்கு வயிறு தொறக்கலை. மண்சோறு தின்னா, அரசமரத்தைச் சுத்துனா, ஒண்ணும் ஆகலை. கடைசியில அவளே போயிப் பொண்ணு கேட்டு, சீனியம்மாளைக் கூட்டியாந்து புருசனுக்குக் கட்டி வச்சாளாம். கல்யாணத்தன்னைக்கு ஆரத்தித் தட்டைத் தொடப் போனாளாம். "நீ தள்ளி நில்லுத்தா"ன்னுட்டாக. தள்ளி நின்னா.

மறுவருசமே சீனியம்மாளுக்கு ஒரு ஆம்பளப் புள்ள. உலகாயி ஆசை ஆசையா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டுப் போனாளாம். சீனியம்மாளைப் பெத்தவ குறுக்க விழுந்து, "மலடி கை படக் கூடாது!"ன்னாளாம். நீட்டுன கையை மடக்கிக்கிட்டு வந்துட்டா. அந்தப் புள்ள காய்ச்சல்ல போச்சு. அடுத்து ஒண்ணு பொறந்துச்சு, அதுவும் போச்சு. கைதான் படலையே, பழி மட்டும் எப்படிப் பட்டுச்சுங்கிறேன்? "இவ கண்ணு பட்டுத்தேன் எம்புள்ளைக போச்சு"ன்னு சீனியம்மா தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்துனாளாம். அன்னைக்கோட பேச்சு நின்னு போச்சு. ஒரு கூரை, ஒரு அடுப்பு, ஆனா ஒரு வார்த்தை கெடையாது.

மூணாவது பொம்பளப் புள்ள. இதாச்சும் தங்கணும்னு பொறந்த ஒடனே மூக்கைக் குத்தி மூக்காயின்னு பேரு வச்சாக. தங்குச்சு. தவழ்ந்துச்சு. உலகாயி அடுப்படியில இருந்தா, அது தவழ்ந்து வந்து இவ காலைப் பிடிக்குமாம். இவ தொட மாட்டா. கையைப் பின்னால கட்டிக்கிட்டு ஒக்காந்து சிரிப்பாளாம். அதுவும் இவளைப் பாத்துச் சிரிக்குமாம். இதெல்லாம் எனக்கு யாரு சொன்னாகன்னு கேக்காதீக. இப்படித்தான் சொல்லுவாக.

அப்பத்தான் தாது வருசப் பஞ்சம் வந்துச்சு. வானம் பொய்ச்சுப் போச்சு. கெணறு வத்திப் போச்சு. மாட்டை அடிச்சுத் தின்னாக, பொறவு மாட்டுத்தோலை அவிச்சுத் தின்னாக. சாத்தையனைப் பேதி கொண்டுக்கிட்டுப் போச்சு. அப்போ சீனியம்மா வயித்துல இன்னொரு உசுரு. வயிறு முன்னால தள்ளிருச்சு, ஆனா கையும் காலும் குச்சி. மூக்காயிக்குக் குடுக்கப் பால் இல்லாமப் போச்சு.

கெழக்க ஒரு பெரிய ஊரணி இருக்கு, தண்ணி கெடக்கு, தர்மக்கஞ்சி ஊத்துறாகன்னு ஒரு சேதி வந்துச்சாம். ஊரே கெளம்பிருச்சு. நடக்க முடிஞ்சவுக நடந்தாக. வழியில ஒக்காந்தவுக ஒக்காந்ததுதான். அவுகளை எழுப்ப ஆரு கையிலயும் தெம்பு இல்லை.

சீனியம்மா புள்ளைய இடுப்புல வச்சுப் பாத்தா, கை தாங்கலை. முன்னால கட்டிக்கலாம்னா வயிறு மறிக்குது. வாசல்ல ஒக்காந்து அழுதாளாம். "இந்தப் புள்ளையும் போயிட்டா நான் அங்கனயே ஒக்காந்துருவேன் சாமி. அதுக்கு மேல ஒரு எட்டு வைக்க மாட்டேன். இவளைக் கொண்டு போயி எப்படியாச்சும் சேத்துரு"ன்னு அழுதாளாம். உலகாயி உள்ள இருந்து கேட்டுக்கிட்டு இருந்தா.

கேட்டவ என்ன செஞ்சா? அடுக்குப்பானையைத் தொறந்தா. பானையெல்லாம் காலி. ஆனா அடிப்பானையில ஒண்ணு இருந்துச்சு. அவ கூறைச்சேலை. செவப்புக் கண்டாங்கி. எல்லாத்தையும் வித்துத் தின்னப்போ இதை மட்டும் விக்கலை. நைஞ்சு போயித்தான் கெடந்துச்சு, இருந்தாலும் தாலி கட்டுன சேலையில்ல? அதை எடுத்து நீளவாக்குல கிழிச்சாளாம். கிழிக்கிற சத்தம் கேட்டுச் சீனியம்மா எட்டிப் பாத்தாளாம். ரெட்டையா மடிச்சா. கோணி ஊசியை எடுத்து, புள்ள ஒக்காருற எடத்துல சாத்தையனோட பழைய துண்டை வச்சுத் தச்சா. தோள்ல அறுக்கக் கூடாதுன்னு பட்டையை நாலா மடிச்சுத் தச்சா. கொண்டாந்து வாசல்ல வச்சுட்டு, தள்ளி நின்னா. அவதான் தள்ளி நின்னு பழகுனவளாச்சே.

தூளியை முதுகுல கட்டணும்னா புள்ளையப் பின்னால ஒருத்தி தூக்கிப் பிடிக்கணும்ல? ஊரு முக்காவாசி கெளம்பிப் போச்சு. சீனியம்மா அங்கிட்டுப் பாத்தா, இங்கிட்டுப் பாத்தா. ஒரு பயலும் இல்லை. கண்ணை மூடிக்கிட்டுத் திரும்பி நின்னா. அப்பத்தான் உலகாயி மொதமொதலா புள்ளையத் தூக்குனா. தூக்குனா கையில கனமே இல்லையாம். ஆத்தாடி, இம்புட்டுத்தானா நீயின்னு இருந்துச்சாம். முதுகுல வச்சு, குண்டியத் துண்டுல ஒக்கார வச்சு, ரெண்டு காலையும் வெளிய எடுத்து விட்டு, பக்கத்துல இறுக்கி முடிச்சுப் போட்டா.

"எங்கிட்டக் குடு, நான் சொமக்கிறேன்"னு நெஞ்சு வரைக்கும் வந்துச்சாம். கேக்கலை. கேட்டா என்ன பதில் வரும்னு தெரியும்ல?

நடந்தாக. முன்னால சீனியம்மா, முதுகுல புள்ள. பின்னால உலகாயி. வெயிலு மண்டையப் பொளக்குது. ரோட்டு ஓரமா ஒக்காந்து கெடக்குற சனத்தைப் பாக்காம பாக்காம நடக்குறாக. சீனியம்மாளுக்குப் புள்ள மொகம் தெரியலை. முதுகுல இருக்குற புள்ளைய ஆரால பாக்க முடியும்? பின்னால வாரவளாலதான். ரொம்பத் தூரம் பொறுத்துப் பாத்துட்டு, திரும்பாமலே கேட்டாளாம்:

"புள்ள என்ன செய்யுது?"

அம்புட்டு வருசம் கழிச்சு அதுதான் மொதப் பேச்சு.

"ஒன் கொண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கு"ன்னா உலகாயி. நெசமாவே பிச்சுக்கிட்டு இருந்துச்சு.

கொஞ்சத் தூரம் போயி, "இப்ப என்ன செய்யுது?"

"கொட்டாவி விடுது."

இன்னும் கொஞ்சத் தூரம். "இப்ப?"

"தூங்குது."

உச்சி சாயுற நேரம், ஒத்தையா ஒரு முள்ளு ஒடைமரம் வந்துச்சாம். அதைத் தாண்டுறப்போ மூக்காயி தலை ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு. தூக்கத்துல சாயுற தலை ஒரு மாதிரி சாயும். இது அப்படிச் சாயலை. உலகாயி எட்டி வச்சு, மூக்குக்கிட்ட வெரலைக் கொண்டு போனா. மூக்குத்தி சுட்டுச்சாம் வெயில்ல. மூச்சு இல்லை.

இருங்க. கொஞ்சம் தண்ணி குடு தாயி.

வாயைத் தொறந்தா சத்தம் வந்துரும்னு உலகாயி முந்தானையை வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டாளாம். சொன்னா என்ன ஆகும்? அவ ஒக்காந்துருவா. ஒக்காந்தா எந்திரிக்க மாட்டா. வயித்துல இருக்குறதும் போயிரும். சொல்லாட்டி?

"ஒரு அசைவையும் காணமே, புள்ள என்ன செய்யுது?"ன்னா சீனியம்மா.

"தூங்குது."

"இன்னுமா?"

"முழிச்சா பால் கேக்கும். வச்சிருக்கியா நீ? தூங்கட்டும், நட."

நடந்தா. ஆனா பெத்தவளுக்கு மனசு கேக்குமா? நடை தளருது. நிக்கப் பாக்குறா. "முதுகுல ஒண்ணும் தெரியலையே, எறக்கிப் பாத்துருவமா?"ங்குறா. உலகாயி ஒரு எட்டு முன்னால வந்தா. கையை நீட்டி, தூளிக்கு வெளிய தொங்குற அந்தச் சின்னக் காலைப் பிடிச்சா. பிடிச்சு, சீனியம்மா விலாவுல லேசா ஒரு உதை உதைக்க விட்டா.

"இந்தா, உதைக்கிறா!"ன்னு சீனியம்மா சிரிச்சாளாம். சிரிச்சுட்டு நாலு எட்டு எட்டி வச்சாளாம்.

அப்படியே கூட்டிக்கிட்டு வந்தாய்யா உலகாயி. அவ நடை தளருறப்பல்லாம் செத்த புள்ள காலைப் பிடிச்சு உதைக்க விட்டா. வெயிலுக்குப் பயந்தவ மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, கண்ணுல தண்ணியா ஊத்த, வாயில மட்டும் "சிரிக்கிறா, முழிச்சுட்டா, ஒன் முதுகை நக்குறா கழுத"ன்னு சொல்லிக்கிட்டே வந்தா. உசுரோட இருந்தப்போ தொட விடாத புள்ள. தொடக் குடுத்து வச்சது இப்படித்தான்.

பொழுது சாய ஊரணிக்கு வந்து சேந்தாக. சீனியம்மா தூளி முடிச்சுல கையை வச்சா. உலகாயி அந்தக் கையைத் தட்டிவிட்டு, "மொதல்ல நீ குடி. வயித்துல ஒண்ணு கெடக்கு. குடி"ன்னு அதட்டுனா. தண்ணி குடிச்சா. கஞ்சி வாங்கியாந்து குடுத்தா. அதையும் குடிச்சா. கடைசி மடக்கு எறங்குற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்துட்டு, முடிச்சை அவுத்தா உலகாயி.

சீனியம்மா புள்ளையப் பாத்தா. வெறைச்சுப் போயிக் கெடக்கு. போட்டா பாருங்க ஒரு கூப்பாடு! "கொன்னுட்டியேடி! மலடி கை பட்டுச்சே, எம்புள்ளைய முழுங்கிட்டியே!"ன்னு உலகாயி மூஞ்சியில அறைஞ்சா, முடியப் பிடிச்சு இழுத்தா. சனமெல்லாம் கூடி நின்னு பாத்துச்சு. உலகாயி ஒரு வார்த்தை மறுக்கலை. வாங்கிக்கிட்டா. வாங்கிக்கிட்டு, ஊரணி மேட்டுல குழி தோண்டி, அந்தத் தூளியோடயே வைக்கப் போனா. சீனியம்மா தூளியை மட்டும் பிடுங்கி மடியில வச்சுக்கிட்டா.

அடக்கம் முடிஞ்சு ரெண்டு பேரும் மேட்டுல ஒக்காந்திருக்காக. கஞ்சி போன தெம்புல வயித்துப் புள்ள ஒரு உதை விட்டுச்சு. சீனியம்மா வயித்துல கைய வச்சா. வச்சவளுக்கு முதுகுல விட்ட உதை நெனப்புக்கு வந்துச்சு. மெதுவாத் திரும்பி,

"எப்படி வெறைச்சுச்சு அதுக்குள்ள? எப்ப போனா?"ன்னு கேட்டா.

"அந்த ஒடைமரத்துக்கிட்ட."

"அப்ப அதுக்குப் பொறவு எம்முதுகுல உதைச்சது?"

உலகாயி வலது கையை விரிச்சுக் காட்டுனா.

சீனியம்மா அந்தக் கையைப் பாத்துக்கிட்டே இருந்தாளாம். பொறவு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஒக்காந்தாளாம். "அக்கா, இன்னும் ஒரேயொரு தரம் உதைக்கச் சொல்லுக்கா"ன்னாளாம்.

உலகாயி அதே எடத்துல, விலாவுல, லேசா ஒரு குத்துக் குத்துனா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுத அழுகைக்கு, கஞ்சி ஊத்துனவுககூட அகப்பையைக் கீழ போட்டுட்டு நின்னாகளாம்.

சீனியம்மாளுக்கு அந்த மேட்டுலயே ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. "அக்காளைக் கூப்பிடுங்க, அவ கையில குடுங்க"ன்னா. அதே தூளியைத் தொவைச்சு, இந்தத் தடவை நெஞ்சோட, மொகம் தெரியிற மாதிரி கட்டச் சொன்னா. உலகாயிதான் முடிச்சுப் போட்டா. ஆனா அவளுக்குத் தூங்குற புள்ளையப் பாத்தா ஆகாமப் போச்சு. ஓடி வந்து காலை நிமிண்டிருவா. அது உதைச்சாத்தான் மூச்சு விடுவா. "ஏக்கா, இப்பத்தான தூங்க வச்சேன்"னு சீனியம்மா ஒருநாளும் கேட்டது இல்லையாம்.

அந்தப் பய வளந்து, அவந்தான் உலகாயிக்குக் கொள்ளி வச்சான். தூக்குறதுக்கு முந்தி அம்புட்டுப் பெரிய ஆம்பள, பெரியாத்தா கால்மாட்டுல ஒக்காந்து, காலை நிமிண்டிக்கிட்டே இருந்தானாம். "உதை பெரியாத்தா, ஒரு உதை விடு"ன்னு. எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போகப் பெரும்பாடாப் போச்சாம். அவன் வழிதான் நீங்க அம்புட்டுப் பேரும்.

ஊரணி மேட்டுல நட்டுன கல்லு நிக்குதுல்ல, அது மூக்காயி படுத்த எடம். தூங்குபிள்ளை மேடுன்னு பேரு. அன்னையில இருந்து நம்ம ஊருல எந்தப் புள்ளையையும் முதுகுல கட்டுறது இல்லை. மொதத் தூளிக்குப் புதுத்துணி கெடையாது, பழஞ்சேலைதான். புள்ள பெறாதவ கூறைச்சேலையா இருந்தா இன்னும் விசேசம். முடிச்சும் அவதான் போடணும். "மலடி அறிவாளா பிள்ளைப்பேத்து வருத்தம்"னு வெளியூருல ஒரு சொலவடை சொல்லுவாக. நம்ம ஊருல அதை எவன் சொன்னாலும் பல்லைத் தட்டிருவாக.

சரி, கதை ஓஞ்சுச்சு. இப்ப அந்தச் சேலையைக் கொண்டா. அது என் கூறைச்சேலைதான், எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரரு பரமக்குடியில எடுத்தது. இதைக் கட்டிக்கிட்டு வந்த வீட்டுல தூளி ஆட எனக்குக் குடுத்து வைக்கலை. இங்கனயாச்சும் ஆடட்டும். தோளை நிமுத்து தாயி. வலிக்குதா? இன்னும் கொஞ்சம் இறுக்குறேன்.

அடி, இதுக்குள்ள தூங்கிட்டாளா? குடு அந்தக் காலை. ஏ சின்னக் கழுத. உதை. உதைடி என் தங்கம்.

இந்தா, விட்டுட்டா ஒரு உதை. நட தாயி, நீ நட.