கிடைக்கக் கூடாத வேலை

பெரம்பலூரில் ஏறிய பஸ், அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் சின்ன வெங்காய மூட்டையோடு ஏறியவர். மற்றவர் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார். அவருடைய மகன் அன்று அரியலூரில் வேலை கேட்கப் போயிருந்தான்.

"கவலப்படாதம்மா, வேலை கெடைச்சிடும். நானும் மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிறேன்," என்றார் வெங்காயக்காரம்மா.

"வேண்டிக்காதீங்கக்கா. கெடைக்கக் கூடாதுன்னுதான் நான் துஆ கேட்டுக்கிட்டு வரேன்."

எனக்கு வந்த தூக்கம் போய்விட்டது.

"பெத்தவ பேசுற பேச்சா இது?"

"அடகுக் கடையில கணக்கு எழுதுற வேலைங்கக்கா. வட்டிக் காசு எங்களுக்கு ஹராம். ஹலாலான சம்பாத்தியம் குடு, யாருகிட்டயும் கையேந்த வுடாதேன்னு அல்லாகிட்ட தினமும் கேக்குறேன்."

"இப்பப் பொழப்பு எப்படி ஓடுது?"

"அண்ணன் வூட்டுலதான் இருக்கோம். அவரு பொண்டாட்டி எண்ணித்தான் இட்லி வெக்கிறாங்க."

"சரி, கெடைச்சா வேணாம்னு சொல்லிட்டாப் போச்சு. கெடைக்கவே கூடாதுன்னு ஏன் கேக்குற?"

அவர் துப்பட்டியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கெடைச்சா, வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராதுக்கா."