பக்கத்து ஊர் ஏரி

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும் இருந்தார்கள். தூர்வாரிக் கரை உயர்த்திய ஓர் ஏரி ஜன்னலில் வந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த ஏரிய பாத்தாலே வயிறு எரியுது."

"தண்ணி நின்னுக்கினு கீது. அதப் பாத்து இன்னாத்துக்கு எரியுது?"

"புது மதகு, புதுக் கரை. ரெண்டாம் போகம் நடறானுங்க. நம்ம ஏரி பூரா முள்ளு மண்டிக்கினு கீது. கவர்மெண்டுக்கு நம்ம ஊருன்னா இளக்காரம்."

"நமக்கும்தான் வந்தாங்க. எல்லை அளந்து கல்லு நட்டாங்க. அப்பறம்தான் தூர்வாருவோம்னாங்க."

"அதோட போனவனுங்கதான், ஆளையே காணோம்."

"வந்தாங்களே. நட்ட கல்லு ஒண்ணையும் காணோம்னு திரும்பிப் போயிட்டாங்க."

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏரிக்குள்ள நாம போட்ட வேர்க்கடலைக்கு நடுவுல ஒரு கல்லு நட்டாங்க. நீதான பிடுங்கியாந்து வூட்டுப் பின்னால போட்ட? அதுலதான் உன் வேட்டியத் தொவைக்கிறேன்."

பஸ் ஏரிக்கரையை ஒட்டியே போனது. அவர் இப்போது அதை நன்றாகப் பார்த்தார்.

"ஏன், இந்த ஊர்ல ஒருத்தன்கூடவா கல்லப் பிடுங்கல?"