இருவருக்கும் வேண்டியவன்

சண்டை நடக்கும் இடத்தில் எனக்குச் சோறு இறங்காது, ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கட்டட வேலையில் இன்ஜினியருக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் நின்று பேச ஓர் ஆளை முதலாளி தேடியபோது, என்னை வைத்ததும் அதனால்தான்.

அவர்கள் இருவரும் எலியும் பூனையும். மாடிப்படி ஒன்று அரை அங்குலம் ஏறிப்போன தகராறில் நேருக்கு நேர் பேசுவதையே விட்டுவிட்டார்கள். எல்லாம் என் வழியாகத்தான். “அந்த மரமண்டைகிட்ட சொல்லுங்க, சிமென்ட் மூட்டைய நனைய விட்டா தொலைச்சுடுவேன்” என்பார் இன்ஜினியர். நான் மேஸ்திரியிடம் போய், “மழை வர்ற மாதிரி இருக்கு, மூட்டைய மூடிடலாமான்னு சார் கேட்டார்” என்பேன். முள்ளாக வாங்கிப் பூவாகக் கொடுப்பது என் வேலை. அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை, தற்பெருமைக்குச் சொல்லவில்லை.

ஆனாலும் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஒரு நாள் பெயின்டர் சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மேஸ்திரி தலைப்பக்கமும் இன்ஜினியர் கால்பக்கமும் பிடித்து, சேர்ந்தே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதன் பிறகு பதினொரு நாள் ஒரு சச்சரவு இல்லை. பன்னிரண்டாம் நாள், மணல் சலிப்பதில் மறுபடி ஆரம்பித்தது. ஒரு கால் ஒடிந்தால் பதினொரு நாள் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

ஆளை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். மேஸ்திரியின் ஆள் போனால் அவர் இன்ஜினியரைக் கடித்துக் குதறுவார். இன்ஜினியரின் ஆள் போனாலும் அதே கதை. இருவருக்கும் வேண்டியவன் வேண்டும். அப்படி ஒருவன்தான் இருந்தான்: எலக்ட்ரீஷியன், என் தங்கை வீட்டுக்காரன். “இவங்க ரெண்டு பேர் நடுவுல ஒரு ஒயர இழுத்தா ஊருக்கே கரன்ட் குடுக்கலாம், மச்சான்” என்று அவர்கள் முன்னாலேயே சொல்வான், இருவரும் சிரித்துவிடுவார்கள். எனக்கும் அவனைப் பிடிக்கும்.

வாசல் முகப்பில் தூணில்லாமல் நீண்டு நிற்கும் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. இருபத்தெட்டு நாளைக்கு அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளில் எவனும் கை வைக்கக் கூடாது என்று இன்ஜினியர் சொல்லியனுப்பினார். நான் மேஸ்திரியிடம், “முட்டெல்லாம் எடுத்துடலாம்னு சார் சொல்லிட்டார்” என்றேன்.

“ஒம்போது நாள்தானே ஆகுது? அவரேவா சொன்னாரு?”

“அவரேதான். உங்க கைவேலைன்னா அவ்வளவு நம்பிக்கையாம்.”

மேஸ்திரிக்கு முகமெல்லாம் பல். நாலு எட்டு வைத்து நேரில் கேட்டிருக்கலாம். பேச்சுவார்த்தைதான் இல்லையே.

முட்டுகளை எடுத்து அடுக்கிவிட்டு ஆட்கள் சாப்பிடப் போனார்கள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, தளத்தின் அடியில் விளக்கு மாட்ட ஓர் ஓட்டை போடச் சொன்னேன். அவன் அண்ணாந்து பார்த்தான்.

“அதுக்குள்ள முட்டெல்லாம் எடுத்துட்டாங்களா, மச்சான்? காஞ்சிருக்குமா?”

“காஞ்சுடுச்சாம், மாப்ள.”

“நீங்க சொன்னா சரி” என்று ஏணியில் ஏறினான். எப்போதும் நான்தான் ஏணியைப் பிடித்துக்கொள்வேன். அன்று தள்ளி நின்றேன். மிஷின் கால் நிமிடம் ஓடியிருக்கும்.

இடிபாட்டை இருவரும் வெறுங்கையால் சேர்ந்து தோண்டினார்கள். மேஸ்திரி இன்ஜினியரின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார். யார் என்ன சொல்லியனுப்பினார்கள் என்று என்னிடம் கேட்க இருவருக்கும் நா எழவில்லை. செத்தவன் என் மாப்பிள்ளை அல்லவா. நாற்பது நாள் ஒரு குரல் உயரவில்லை, ஐயா. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. தப்பு தன்னுடையது என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தாராம். இல்லை, தன்னுடையதுதான் என்று மேஸ்திரி மல்லுக்கு நிற்கிறாராம். மறுபடியும் சண்டை. அதைத் தீர்த்துவைக்கத்தான் நானாகவே வந்தேன். கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு குறை. வரும் வழியில் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், புரிந்துகொள்வாள் என்று. கதவைச் சாத்திக்கொண்டாள்; கூப்பிடக் கூப்பிட உள்தாழ்ப்பாளையும் போட்டாள். எங்கள் இருவருக்கும் வேண்டிய ஒருவர் போய் உட்கார்ந்து பதமாகப் பேசினால் சரியாகிவிடும். மாப்பிள்ளை இருந்திருந்தால் அவனையே அனுப்பியிருப்பேன்.