காட்டுகிற வீடு

எங்கள் அலுவலகத்து டீ வாயில் வைக்க விளங்காது, தம்பி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அதையும் உங்கள் தணிக்கை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். நல்லதாகப் போட ஓர் ஆள் வைக்கலாம்தான். ஆனால் மானியம் கொடுப்பவர்கள் வரும்போது டீ சுமாராக இருப்பதுதான் எங்களுக்கு நல்லது. பிரமாதமாக இருந்தால், இவர்களுக்கு எதற்குப் பணம் என்று தோன்றிவிடும். நகரத்து ஏழைகளுக்கு உதவுகிற தொழிலில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்.

நீங்கள் வந்த நாளிலிருந்து எங்கள் கணக்காளப் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் காலடிச் சத்தம் கேட்டாலே கால்குலேட்டரைக் கீழே போடுகிறாள். பாவம், அவளை விட்டுவிடுங்கள். உங்கள் சந்தேகம் என்னவென்று எனக்குத் தெரியும். ரயில் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற தெருவில் எல்லா வீட்டுக்கும் புதுக் கூரை போட உங்கள் நிறுவனம் பணம் கொடுத்தது. எல்லா வீட்டுக்கும் போட்டோம், ஒரே ஒரு வீட்டைத் தவிர. அந்தக் கூரைப் பணத்தை நான் விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். பணம் வங்கியில் அப்படியே கிடக்கிறது, போய்ப் பாருங்கள். என் வீட்டு ஃப்ரிட்ஜை என் மனைவி இன்றைக்கும் காலால் உதைத்துத்தான் மூடுகிறாள். திருடன் என்ற பட்டம் மட்டும் எனக்கு வேண்டாம். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்களைப் போன்ற அமைப்புகள் எல்லாவற்றுக்கும் காட்டுகிற வீடு என்று ஒன்று உண்டு. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். பணம் கொடுக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் பார்க்க ஆசைப்படுவார்கள். அவர்களைத் தெரு முழுக்க நடக்க விட முடியுமா? ஏதாவது ஒரு வீட்டுக்குள் கூட்டிப்போக வேண்டும். அந்த வீட்டைத் தேடிப் பிடிப்பது மருமகள் தேடுவதைவிடக் கஷ்டம். வேன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பெரிய மனுஷர்கள் காலில் சேறு படக் கூடாது. ஆனால் சேறு கண்ணில் பட வேண்டும். ஏழ்மை ரொம்ப முற்றியிருந்தால் பயந்துபோய்ச் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் தெம்பாகத் தெரிந்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். பாகு காய்ச்சுவது மாதிரிதான், பதம் தப்பினால் போச்சு.

தையல்காரம்மாவின் வீடு சரியான பதத்தில் இருந்தது. ஒற்றை அறை, ஒழுகுகிற தகரக் கூரை, ஜன்னலோரம் ஒரு பழைய தையல் மெஷின். புருஷன் போன இடம் தெரியாது. ஒரே பெண் குழந்தை, பால் பல் விழுகிற வயசு. நாங்கள் சிட்டு என்று கூப்பிடுவோம். யார் வந்தாலும் புதுமுகம் பழைய முகம் பார்க்காமல் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அம்மாவுக்கோ பேச்சு நன்றாக வரும். அழவே மாட்டாள். அழப்போகிற இடத்தில் நிறுத்தி ஒரு சிரிப்புச் சிரிப்பாள், எதிரில் இருக்கிறவர்கள்தான் அழுவார்கள். முதல் தடவை வந்தபோது நீங்களே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள், தம்பி. தூசி விழுந்துவிட்டது என்று சொன்னீர்கள். நானும் நம்பினேன்.

அவள் கெட்டிக்காரி, அதுதான் சிக்கல். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற ஆர்டர் ஒன்றைப் பிடித்தாள். வீட்டில் சாமான் சேர ஆரம்பித்தது. விருந்தாளிகள் வருகிற நாளில் அதையெல்லாம் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொல்வேன். ஃபேன் வாங்கிய வருஷம் நானே ஸ்டூலில் ஏறிக் கழற்றினேன்.

“ஏன்ணா, வர்றவங்களுக்குக் காத்து ஆகாதா?” என்று கீழே நின்றபடி கேட்டாள்.

“அவங்களுக்கு ஆகும்மா. நம்ம மானியத்துக்குத்தான் ஆகாது.”

விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மானியத்தில்தான் தெருவுக்கு மாலைப் பள்ளியும் குழந்தைகள் காப்பகமும் நடக்கின்றன என்பது அவளுக்குத் தெரியும். “என் வீட்டக் காட்டி நாலு பேரு நல்லா இருந்தா இருக்கட்டும்ணா” என்பாள். எனக்கு அவள்மேல் கூடப் பிறந்தவள் மாதிரிப் பாசம் உண்டு. அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

கூரை வேலை தொடங்கியபோது அவள் வீட்டைக் கடைசியில் வைத்தேன். பிறகு அந்தக் கடைசியை வரவிடாமல் பார்த்துக்கொண்டேன். அதையும் மாற்றிவிட்டால் அடுத்த வருஷம் எதைக் காட்டுவது? ஒழுகுகிற ஒரு கூரையைக் காட்டித்தான் மற்ற கூரைகளை வாங்க முடியும். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் உங்களுக்கே நியாயம் புரியும்.

மழைக்காலம் வந்து போனதில் சுவர் பச்சை பிடித்தது. சிட்டுவுக்கு மூச்சு இழுப்பு வந்தது. ஈரம் ஆகாது, வேறு வீடு பாருங்கள் என்றார் டாக்டர். டாக்டர்களுக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் வந்த விருந்தாளிகள் குழந்தையின் நெஞ்சுக்குள் கேட்ட விசில் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனார்கள். மானியம் நாங்கள் கேட்டதைவிடக் கூடுதலாக வந்தது. நான் எதையும் திட்டமிடவில்லை. கவனித்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பாலத்துக்கு அந்தப் பக்கம் அரசாங்கம் அடுக்கு வீடுகள் கட்டியது. குலுக்கலில் தையல்காரம்மாவுக்கு ஒன்று விழுந்தது. மேல் மாடி, நல்ல வெயில், ஈரம் எட்டிக்கூடப் பார்க்காது. பாலத்தில் நின்று, எந்த ஜன்னல் தங்களுடையது என்று சிட்டு எனக்கே காட்டியிருக்கிறது. வீடு விழுந்தவர்கள் நிஜமாகவே இந்தத் தெருவில்தான் இருக்கிறார்களா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்கு என்று பார்த்து அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கதவில் பூட்டுத் தொங்கியது.

“இந்த வீட்ல ஆள் இருக்காங்களா சார்? உங்களுக்குத் தெரியாம இந்தத் தெருவுல எதுவும் நடக்காதே” என்று என்னிடம் கேட்டார்.

“காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க சார்” என்றேன்.

நன்றி சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்டப் போனார். அந்த வீடு வேறு ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது. அதுவும் ஏழைக் குடும்பம்தான், ஆகவே ஏழைகளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. பட்டியலிலிருந்து தன் பெயரை அடித்துவிட்ட சேதி தெரிந்து அவள் ஓடி வந்தபோது, இந்த ஆபீஸ்காரர்களே இப்படித்தான் என்று அவளைவிட நான் அதிகமாகத் திட்டினேன். மனுவும் நானே எழுதிக் கொடுத்தேன்.

இந்த வருஷம் வந்தவர் உங்கள் நிறுவனத்தின் புதுத் தலைவியம்மா. வருஷா வருஷம் கையேந்துகிற வேலையே வேண்டாம், பல வருஷத்துக்கான மானியத்தைச் சேர்த்தே முடிவு செய்யலாம் என்று வந்திருந்தார். அன்று காலையில் நான் போனபோது சிட்டுவுக்கு இழுப்புத் தொடங்கியிருந்தது. அம்மாக்காரி இன்ஹேலரைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

“இரும்மா” என்றேன். “இப்போ குடுத்தா சரியாயிடும். வேன் வந்துட்டே இருக்கு. அவங்க பார்த்துட்டுப் போனதும் குடு.”

“பயமா இருக்குண்ணா.”

“நான்தான் இருக்கேன்ல.”

கையை இறக்கிக்கொண்டாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

வேன் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அவர்கள் உள்ளே வந்தபோது குழந்தை யார் மடியிலும் ஏறவில்லை. சுவரில் சாய்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உதட்டு நிறம் மாறியிருந்தது. போட்டோ எடுக்க வந்தவர் கேமராவை இறக்கிவிட்டார். தலைவியம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டரிடம் போக வேண்டாமா என்று கேட்டார். இது அடிக்கடி வருகிறதுதான், நீங்கள் கிளம்பியதும் கூட்டிப்போகிறோம் என்றேன். அவருக்குக் கிளம்பவும் மனசு வரவில்லை. கூரையைப் பற்றி, சுவரைப் பற்றி ஏதேதோ விசாரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனசுக்காரர். தையல்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் பொறு என்று கண்ணால் சொன்னேன்.

வேன் திருப்பத்தில் மறைந்த பிறகு மருந்தைக் குழந்தையின் வாயில் வைத்தாள். அதை உள்ளே இழுக்கக் குழந்தைக்கு மூச்சு இல்லை. டாக்சி பிடித்தோம். பாலம் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கும் வலித்தது. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள், ரொம்ப நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மானியம் கேட்டபடி முழுசாக வந்து சேர்ந்தது. தெருமுனையில் மருந்தகம் திறந்திருக்கிறோம், இழுப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்ஹேலர் இலவசம். சுவரில் சிட்டுவின் படம் மாட்டியிருக்கிறோம், எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே, தம்பி. எழுதுங்கள். கூரையை நிறுத்தி வைத்ததும் நான், கிடைத்த வீட்டைக் கெடுத்ததும் நான், மருந்தைத் தள்ளிப்போடச் சொன்னதும் நான்தான். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

தையல்காரம்மா இப்போதும் இங்கே வருவாள். முன்பெல்லாம் அழாதவள், இப்போது வந்து உட்கார்ந்ததுமே அழுகிறாள். “என் கையில இருந்துச்சுண்ணா. கையில வச்சுக்கிட்டே குடுக்காம நின்னேனே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நான் தண்ணீர் கொடுத்து, அவள் அழுது ஓய்கிறவரை பக்கத்திலேயே இருப்பேன். அவள் சொல்வதிலும் தப்பில்லை, மருந்து அவள் கையில்தானே இருந்தது. ஆனாலும், பெற்ற தாய் இப்படிச் செய்யலாமா என்று இன்றுவரை நான் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.